கையெழுத்திடாத ஒப்பந்தம்

சுதந்திரத்தின் மீதுள்ள காதலால்தான் இளைஞர்கள் 'லிபர்டேரியன்' அரசியலுக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சுயநலம் முற்றிய தலைமுறை, வேறென்ன செய்யும் என்கிறார்கள் மற்றவர்கள். இரு சாராருமே ஓட்டுக்குப் பின்னால் ஒரு சித்தாந்தம் இருந்தாக வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சித்தாந்தத்தின் சாரம் எளிது. எவனும் எவனுக்கும் கடன்பட்டவனல்ல. பிறனுடைய உடலையும் உடைமையையும் தொடாதிருப்பதோடு ஒருவனின் கடமை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் அவனைக் கட்டக்கூடியது அவனே விரும்பிச் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டும்தான். இது இருபது வயதுக்காரனை எந்த இடத்தில் தொடுகிறது?

அர்ஜென்டினாவை எடுத்துக்கொள்ளலாம். 2023 நவம்பர் 19 அன்று நடந்த இறுதிச் சுற்றில் ஹாவியேர் மிலெய் ஏறக்குறைய 56 சதவீத வாக்குகள் பெற்று ஜனாதிபதியானார். வரி விதிப்பைத் திருட்டு என்று பேசுபவர். அரசே வேண்டாமென்று எழுதிய மர்ரே ரோத்பார்டின் பெயரைத் தன் நாய்களில் ஒன்றுக்கு வைத்தவர். மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தைக் கூட்டங்களில் தூக்கிக் காட்டி ஓட்டுக் கேட்டவர். அங்கே 2012 முதல் 16 வயதிலேயே வாக்குரிமை உண்டு. இளைஞர்களிடம், அதிலும் ஆண்களிடம், அவருக்கு ஆதரவு மிகுந்திருந்தது.

இந்த இளைஞன் ரோத்பார்டைப் படித்தவனல்ல. அவன் படித்தது பெஸோ நோட்டை. பணம் என்பது அடிப்படையில் ஒரு வாக்குறுதி. இன்று நீ செய்த வேலைக்கு நாளை இவ்வளவு கிடைக்கும் என்று அரசு சொல்லும் சொல் அது. 2023-இல் அந்நாட்டின் பணவீக்கம் 211 சதவீதம். சம்பளம் கைக்கு வந்த அன்றே அதைப் பொருளாகவோ டாலராகவோ மாற்றாதவன் முட்டாள். அவனுடைய அப்பாவின் நினைவில் 2001 இருக்கிறது. வங்கியில் போட்ட பணத்தை எவரும் தொட முடியாது என்று அந்த ஆண்டில்தான் சட்டம் இயற்றினார்கள். டிசம்பரில் கணக்குகளை முடக்கினார்கள். ஒரு பெஸோவுக்கு ஒரு டாலர் என்று பத்து வருஷம் காப்பாற்றப்பட்ட வாக்கும் அத்துடன் போயிற்று. 1991-இல் அந்த வாக்கைக் கொடுத்தவர்கள் சந்தையின் பெயரால் ஆண்டவர்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பொய் சொல்வதில் இடமும் வலமும் ஒத்துப்போயின.

பணம் மட்டுமல்ல, சொற்களும் மதிப்பிழந்தன. கைபேசியில் ஆர்டர் வாங்கி சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவனுக்கு முதலாளி யாரென்று தெரியாது, யூனியன் கிடையாது, போனஸ் கிடையாது. 'உழைப்பவர் உரிமை' என்று பெரோனிஸ்டுகள் மேடையில் முழங்கும்போது அந்தச் சொல் அவன் வாழ்வில் எதையும் சுட்டுவதில்லை. 2020-இல் கொள்ளைநோயின்போது ஊரே அடைபட்டுக் கிடந்தது. செத்தவர்களை வழியனுப்பக்கூட உறவினர்களால் போக முடியவில்லை. அதே ஜூலையில் ஜனாதிபதி மாளிகையில் பிறந்தநாள் விருந்து நடந்தது. அடுத்த ஆண்டு அதன் புகைப்படம் வெளியாயிற்று. 'சமூகநீதி' என்ற சொல்லை அதற்குப் பிறகு எந்தக் குரலில் உச்சரிப்பது?

ஆகவே இளைஞனின் கோபம், தான் பிறருக்குக் கடன்பட்டிருப்பதைப் பற்றியதல்ல. தனக்கு வரவேண்டிய கடன் வரவில்லை என்பதைப் பற்றியது. யாரும் யாருக்கும் கடன்பட்டவரல்ல என்கிற தத்துவத்துக்கு இது நேர் எதிர். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் ஓர் ஆளை அவன் தேடினான். கிடைத்ததோ, சொல்லே கொடுக்காத அரசு வேண்டும் என்று சொன்ன ஆள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தேர்தல் இரைச்சலில் கேட்காமல் போயிருக்கலாம். 2024 ஏப்ரல் 23 அன்று கேட்டது. 1949 முதல் கட்டணமின்றி நடந்துவரும் அரசுப் பல்கலைக்கழகங்களின் நிதி கரைவதை எதிர்த்து லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் மிலெய்க்கு ஓட்டுப் போட்ட மாணவர்களும் இருந்திருப்பார்கள். நான் இதை முரண்பாடாகப் பார்க்கவில்லை. கல்வி அவர்களுக்கு அரசு கொடுத்த சொற்களில் காப்பாற்றப்பட்ட ஒன்று. அதை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை.

மிலெய் தான் கொடுத்த ஒரு சொல்லைக் காப்பாற்றினார் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பணவீக்கம் 2024-இல் 118 சதவீதத்துக்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது. 2025 அக்டோபர் தேர்தலிலும் அவர் கட்சியே முந்தியது. ஆனால் விலையைக் கொடுத்தது யார்? விலைவாசியின் பின்னால் ஓடித் தோற்ற ஓய்வூதியத்தைக் கொஞ்சம் உயர்த்தி 2024-இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை அவர் ரத்து செய்தார். புதன்கிழமைதோறும் காங்கிரஸ் கட்டடத்தின் முன் கூடிய கிழவர்களும் கிழவிகளும் போலீஸின் தடியையும் கண்ணீர்ப்புகையையும் கண்டார்கள். இளைஞனின் பேரில் பெஸோ கொடுக்கும் வாக்கைக் காப்பாற்ற, அவன் பாட்டிக்குக் கொடுத்த வாக்கு முறிக்கப்பட்டது.

அறவியல் கேள்வி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பாட்டியின் ஓய்வூதிய ஒப்பந்தத்தில் பேரன் கையெழுத்திடவில்லை. கையெழுத்திடாதது என்னைக் கட்டாது என்பது சுதந்திரவாதத்தின் தர்க்கம். அதை அதன் விதிகளுக்குள் நின்று உடைப்பது கடினம். ஆனால் மனிதன் பேசும் மொழியையே அவன் கையெழுத்திட்டு வாங்கவில்லை. அவனை வளர்த்தவர்கள் அவனிடம் ரசீது கேட்கவில்லை. நம்மை மனிதர்களாக வைத்திருக்கும் கடமைகளில் பெரும்பகுதி நாம் கையெழுத்திடாதவை.

போர்ஹே இதன் இரு கரையையும் தொட்டவர். அர்ஜென்டினியன் தனிமனிதன், அரசோடு தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளாதவன் என்று 1946-இல், பெரோன் ஆட்சிக்கு வந்த ஆண்டில், எழுதினார். அரசின் மீதிருந்த அந்த அவநம்பிக்கை 1976-இல் அவரைப் பினோஷேயின் அரசிடமிருந்து விருது வாங்குவதிலிருந்து காப்பாற்றவில்லை. ஆனால் 1985-இல், கண் தெரியாத அந்தக் கிழவர், ராணுவத் தளபதிகளின் மீதான விசாரணைக்குப் போய் உட்கார்ந்து, சித்திரவதைப்பட்ட ஒருவரின் சாட்சியத்தைக் கேட்டார். கேட்டதைப் பற்றி எழுதினார். அந்தச் சாட்சியோடு அவருக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. கேட்டதே போதுமானதாக இருந்தது.

'சுதந்திரம்' என்ற சொல்லும் இப்போது மேடைதோறும் அச்சடிக்கப்படுகிறது. 2025 அக்டோபரில் பெஸோவைத் தாங்கிப்பிடிக்க அமெரிக்க அரசின் 2,000 கோடி டாலர் ஏற்பாடு தேவைப்பட்டது. அந்தச் சொல்லுக்குப் பின்னாலிருக்கும் கையிருப்பைப் பற்றி யோசிக்க வைக்கும் விஷயம் இது. ஆனால் அதைச் சுட்டிக்காட்டி மட்டும் அந்த இளைஞனோடு வாதாடிவிட முடியாது. சமூகம், கூட்டுறவு, நீதி என்று பேசுகிறவர்கள் அவனுக்குக் கொடுத்த சொற்களில் ஒன்றையாவது முதலில் காப்பாற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் பாட்டியின் கணக்கை அவன் முன் எடுத்து வைக்க முடியும்.