கேட்பது

1952இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் அருகே ஜான் கேஜின் '4 நிமிடம் 33 விநாடி' முதன்முறை அரங்கேறியபோது, பியானோ முன் அமர்ந்த டேவிட் ட்யூடர் ஒரு ஸ்வரமும் வாசிக்கவில்லை. வெளியே காற்று, கூரைமேல் மழைத்துளி, எழுந்துபோனவர்களின் முணுமுணுப்பு. இவையே இசை என்றார் கேஜ். சப்தத்தை அர்த்தத்திலிருந்து விடுவித்துக் கேட்கும் இந்தப் பிரக்ஞையை வங்கிக் கவுன்ட்டரில் நானும் பழகிப் பார்த்தேன். நோட்டு எண்ணும் இயந்திரத்தின் படபடப்பு, ரப்பர் ஸ்டாம்பின் தாளம், மின்விசிறியின் முனகல், தெருவில் பஸ் ஹார்ன். எரிச்சல் குறைந்தது உண்மை. இரைச்சலில் பாதி நம்முடைய மறுப்புதானோ என்றுகூடத் தோன்றியது.

ஒருநாள் ஒரு மூதாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலின் கரகரப்பை, வாக்கிய முடிவில் அது தணிகிற விதத்தை நுட்பமாகக் கேட்டேன். விஷயம் மனதில் ஏறவேயில்லை.

"தம்பி, காதுல விழுதா?"

விழுந்தது. அதுதான் சங்கடம். தமிழில் செவிகொடுப்பதற்கும் வினவுவதற்கும் யாசிப்பதற்கும் 'கேட்பது' என்ற ஒரே சொல். கேஜின் அரங்கில் எவரும் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. மழைக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. என் கவனத்தில் அந்தக் கிழவியும் மழையாகிவிட்டிருந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றேன். ஆயுள் சான்றிதழ் கொடுத்தும் இரண்டு மாதமாக பென்ஷன் ஏறவில்லையாம்.