மோவாவுக்கு எப்படிப் பரிகாரம் செய்வது?

நியூசிலாந்தின் தென்தீவில், வைதாகி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், பழைய மண் அடுப்புகளின் தடங்களோடு மோவாப் பறவைகளின் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கொழுத்த தொடைக்கறியை எடுத்துக்கொண்டு மீதியை வீசியெறிந்த இடங்களும் அந்த நாட்டில் உண்டு. அள்ள அள்ளக் குறையாது என்று நினைத்தவர்களின் கைவேலை.

மோவாவில் ஒன்பது இனங்கள் இருந்தன. இறக்கை எலும்பின் சுவடுகூட இல்லாத பறவைகள். ராட்சத மோவாவின் பெட்டை கழுத்தை நிமிர்த்தினால் மூன்றரை மீட்டர் இருக்கும். எடை 200 கிலோவைத் தாண்டும். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலினேசியர் கரையேறினார்கள். ஏறத்தாழ 150 ஆண்டுகளில் கதை முடிந்தது. தானாகவே நலிந்துகொண்டிருந்த பறவை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. மனிதர் வரும்வரை அதன் தொகை குறையவில்லை என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிவிட்டது.

அதற்காக அந்த முதல் குடியேறிகளைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. மோவா பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும். முட்டையையும் தாயையும் சேர்த்தே தின்றால் அப்படிப்பட்ட பறவை தாங்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்று அந்தச் சாக்கு யாருக்கும் கிடையாது. அதனால்தான் இப்போதைய முயற்சியைக் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2025 ஜூலையில் கொலாசல் என்ற அமெரிக்க நிறுவனம் மோவாவை மீட்கப்போவதாக அறிவித்தது. அந்த முதல் குடியேறிகளின் வழிவந்த மாவோரிகளில் ஒரு குலமான ஙாய் தாஹு மக்களின் ஆய்வு மையம் உடன் நிற்கிறது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் பணமும் இருக்கிறது. அழித்தது மனித குலம், அதுவே திருப்பித் தரட்டும் என்ற வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

யாரிடம் திருப்பித் தருவது? பறிகொடுத்த பறவைகள் இல்லை. பிறக்கப்போவது, இன்று வாழும் ஒரு பறவையின் மரபணுவைத் திருத்தி உண்டாக்கும் குஞ்சு. ராட்சத மோவாவின் முட்டை 24 சென்டிமீட்டர் நீளம். தீக்கோழி முட்டையே 15தான். அந்த முட்டையை இடக்கூடிய தாய் உலகில் எங்கும் இல்லை. பொரித்து வந்தாலும், எதைத் தின்பது, எதற்கு ஒதுங்குவது என்று காட்ட மூத்த மோவா கிடையாது. அது மேய்ந்த காடும் பெரும்பகுதி போய்விட்டது. அழித்ததற்கான கடனைத் தீர்க்கிறோம் என்று, ஒன்றும் அறியாத ஓர் உயிரை ஆய்வுக்கூடத்தில் பிறப்பித்து வதைப்பது பரிகாரம் ஆகாது, இன்னொரு கடன்தான். ஙாய் தாஹு மக்களுக்கு இதில் பேச முழு உரிமை உண்டு. மாவோரிகளிடையேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பது வேறு. ஆனால் எந்த மக்களின் சம்மதமும் அந்தக் குஞ்சின் சம்மதம் ஆகிவிடாது.

இந்த மரபணு நுட்பம் உயிரோடிருக்கும் பறவைகளுக்கும் உதவும் என்கிறார்கள். உதவட்டும், அப்படியானால் அங்கிருந்தே தொடங்கலாமே. அதே நாட்டில், பறக்க முடியாத காகாபோக் கிளி 1995இல் 51 மட்டுமே மிஞ்சியிருந்தது. மரநாயும் பூனையும் இல்லாத தீவுகளுக்குக் கொண்டுபோய், இரை வைத்து, கூடு கூடாகக் காவலிருந்து இன்று 200க்கு மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். மோவாவுக்கென ஒதுக்கும் பணம் முதலில் அந்தத் தீவுகளுக்குப் போகட்டும்.