முறை இல்லாதபோது

அமெரிக்காவின் புளூகிராஸ் இசைக்குப் புதிதாக வருகிறவரை விரட்டியடிப்பது அதன் வேகம்தான். பான்ஜோ கொட்டித் தீர்க்கும். வாசித்தது என்னவென்று காது பிடிப்பதற்குள் பிடில் அதை வாங்கிக்கொண்டு ஓடும். மூன்று நிமிடத்தில் பாட்டே முடிந்துவிடும். இப்படி நாலு பாட்டு கேட்டவர், "நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பான்ஜோவையே துரத்திக்கொண்டிருந்தால் அப்படித்தான் இருக்கும்.

மாண்டலினைக் கேளுங்கள் என்பேன். அதுவும் அது மெட்டு வாசிக்காத நேரத்தில். இந்த இசையின் மூல வடிவத்தில் டிரம்ஸ் கிடையாது. டபுள் பாஸ் 'தும்' என்று அடி வைக்கும். இரண்டு அடிக்கும் நடுவில் 'சக்' என்று ஒரு வெட்டு விழும். அந்த வெட்டுதான் மாண்டலின். தந்திகளை ஒரு வீச்சு வீசி, ஒலி எழுந்த கையோடு இடக்கை விரல்களைத் தளர்த்தி அதை அடக்கிவிடுவார்கள். கர்நாடக இசையில் ஸ்ரீநிவாஸின் மாண்டலினில் கமகம் இழைவதைக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு, இதுவும் அதே வாத்தியமா என்று சந்தேகம் வரும்.

இந்த இசையை உருவாக்கிய பில் மன்றோவின் வாத்தியம் அது. 1911இல் கென்டக்கி மாநிலத்து ரோசின் என்ற சிற்றூரில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். பிடிலையும் கிதாரையும் அண்ணன்மார் எடுத்துக்கொள்ள, மிஞ்சியது மாண்டலின். அதிலும் எட்டுத் தந்திகளில் நாலைக் கழற்றச் சொன்னார்களாம், பொடியனின் சத்தம் அதிகம் கேட்கக் கூடாதென்று. பத்து வயதில் தாய் போனார், பதினாறில் தகப்பனார். பிடில் வாசிக்கும் தாய்மாமன் பென்னோடு அக்கம்பக்கத்து நடனங்களுக்குப் போய்ப் பக்கவாத்தியம் வாசித்தார். ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருக்கும் கிதாரில் துணை வாசித்திருக்கிறார். மன்றோவின் இசையில் புளூஸ் ஊறியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பான்ஜோவோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தந்த வாத்தியம். வெள்ளைக்கார மலைநாட்டாரின் தனிச்சொத்து என்று புளூகிராஸைப் பேசுகிறவர்களுக்கு இதெல்லாம் ஏனோ நினைவுக்கு வருவதில்லை.

1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ், மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவில் சேர்ந்தார். வயது 21. மூன்று விரல்களால் அவர் பான்ஜோ வாசித்ததைக் கேட்டு நாஷ்வில் அரங்கம் ஆர்ப்பரித்தது. குழுவின் பெயரே பிறகு இசைக்கும் பெயராயிற்று. கைதட்டல் பான்ஜோவுக்கு. ஆனால் பான்ஜோ அவ்வளவு துணிச்சலாக ஓட முடிந்தது, பின்னால் அந்த 'சக்' இம்மி பிசகாமல் விழுந்துகொண்டிருந்ததால்.

இதைக் கிட்டத்தில் பார்க்க, புளூகிராஸ் விழாக்களின் மேடையைவிட வண்டி நிறுத்துமிடம் மேல். முன்பின் தெரியாதவர்கள் வாத்தியங்களோடு வட்டமாக நிற்பார்கள். பெரும்பாலான பாட்டுக்கு மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும். ஒருவர் கண்ணைக் காட்டினால் அடுத்தவர் முறை. அவர் வேண்டாமென்று தலையசைத்தால் அதற்கடுத்தவருக்குப் போகும், யாரும் முகம் சுளிப்பதில்லை. எட்டுப் பேர் நின்றால், ஒருவர் முன்னே வாசிக்க ஏழு பேர் தாங்குவார்கள். எப்பேர்ப்பட்ட வித்வானும் அந்தச் சாயங்காலத்தின் பெரும்பகுதியை இன்னொருவர் வாசிப்பதற்காகத்தான் வாசிக்கிறார். தன் முறையில் என்ன செய்கிறார் என்பதைவிட, முறை இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதை வைத்தே அங்கே ஆளை எடைபோடுகிறார்கள். விரல் ஓடாத புதியவர் காலப்பிரமாணம் தவறாமல் மூன்று கார்டைப் பிடித்தாலே அந்த வட்டத்தில் முழு ஆள். வேகத்தைப் பார்த்து மிரண்டவருக்குத் திறக்கிற வாசல், முன்னே வாசிப்பவரின் பக்கம் இல்லை. மற்ற ஏழு பேரின் பக்கம் இருக்கிறது.

முதலில் எதைக் கேட்பது என்றால், மன்றோவைப் பிரிந்த பிறகு ஸ்க்ரக்ஸும் அதே குழுவில் கிதார் வாசித்த லெஸ்டர் ஃபிளாட்டும் 1949இல் பதிவு செய்த 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்' என்பேன். 1967இல் வந்த 'பானி அண்ட் கிளைட்' படம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. பிடிலுக்கு முறை வந்ததும் பான்ஜோ எப்படித் தணிந்து வழிவிடுகிறது என்று கவனியுங்கள். இன்னொன்றும் உண்டு: ஸ்க்ரக்ஸ் இ மைனர் கார்டுக்குப் போகும் இடத்தில் ஃபிளாட்டின் கிதார் இ மேஜர் வாசிக்கிறது. உரசல் காதில் படும். பிந்தைய பதிவுகளில் ஃபிளாட் மைனருக்கு மாறிக்கொண்டார். எனக்கென்னவோ அந்தப் பழைய உரசல்தான் பிடித்திருக்கிறது.