அச்சத்தைக் கேள்வி கேளுங்கள்!

இஷாவுக்குப் பிறகு கல்முனைக்குடியில் ஒரு நாய் குரைத்தால் போதும். ஒரு வீட்டில் விளக்கு எரியும், அடுத்த வீட்டில் கை போனைத் தேடும். பத்தாவது வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரும்போது நாயைக் காணோம். கத்தியோடு கள்வர் கூட்டமே வந்திருக்கும்!

பயப்படுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26இன் கடலையும் கண்ட கரை இது. ஆனால் பயம் வந்த அந்த நிமிடத்தில் என்ன செய்கிறோம்? அங்கேதான் நம் பலம் தெரியும்.

2011 ஆகஸ்ட், நோன்பு மாதம். உடம்பில் கிறீஸ் பூசி வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற ‘கிறீஸ் பூதம்’ பேச்சு கிழக்கை உலுக்கியது. பெண்களின் பயம் உண்மையானது. அதை விசாரித்துப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நம்பும்படி பதில் சொல்லவில்லை. வதந்தி பதில் சொன்னது. தெரியாத முகமெல்லாம் பூதமானது. அப்பாவிகள் அடி வாங்கினார்கள்.

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகம். கறியில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்றார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார். அது வெறும் மாவுக் கட்டி! கேள்வி கேட்காத பயத்தின் கையில் மாவுக் கட்டிகூட ஆயுதமாகும்.

இப்போது 2019 ஏப்ரல் 26க்கு வாருங்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஐந்து நாள். சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மீது ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம். அவர்கள் வதந்தி பரப்பவில்லை, வீட்டுக்குத் தீ வைக்கவில்லை. போய் விசாரித்தார்கள்; சந்தேகம் வலுத்ததும் தகவல் கொடுத்தார்கள். அன்றிரவு உள்ளிருந்தவர்களே குண்டுகளை வெடிக்க வைத்தார்கள். ஆறு குழந்தைகள் உட்பட 15 சடலங்கள். அந்தக் குண்டுகள் இன்னொரு கூட்டத்துக்குள் போயிருந்தால்? நாடே முஸ்லிமைச் சந்தேகத்தோடு பார்த்த அந்த வாரத்தில், சாதாரண முஸ்லிம்கள் கண் திறந்து நின்றார்கள். அவர்கள் நம் ஊரார். அதே துணிச்சல் உங்களுக்குள்ளும் இருக்கிறது!

அதை எழுப்புங்கள். குரல் பதிவு ஒன்று வந்தால், “யார் கண்டது? எங்கே? எப்போது?” என்று கேளுங்கள். பதில் இல்லையா? உங்கள் போனோடு அது சாகட்டும். மகள் ரியூஷன் முடிந்து வரும் ஒழுங்கையில் விளக்கு எரியவில்லையா? மகளை வீட்டில் பூட்டாதீர்கள். தெருவார் பத்துப் பேர் கையெழுத்து வைத்து மாநகர சபைக்குப் போங்கள். எரியும் வரை போங்கள்! புதிதாகக் குடிவந்தவரிடம் முதலில் ஸலாம் சொல்லிப் பேர் கேளுங்கள். பாண்டிருப்பில் ஒரு தமிழ் நண்பரின் எண் உங்கள் போனில் இருக்கட்டும். கலவரக் கதை கிளம்பும் இரவில் அந்த ஓர் அழைப்பு இரண்டு ஊரைக் காப்பாற்றும். ஆபத்தைக் கண்ணால் கண்டால் தயங்காமல் 119ஐ அழையுங்கள். அடிக்கக் கை ஓங்குபவனைத் தடுங்கள், அவன் உங்கள் தம்பியானாலும்.

நம் தெருவைக் காக்க வானத்திலிருந்து யாரும் இறங்கப் போவதில்லை. இன்று மஃரிபுக்குப் பிறகு வெளியே வாருங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பேசுங்கள். ஒருவரையொருவர் அறிந்த தெருவை எந்த வதந்தியாலும் வெல்ல முடியாது!