வீட்டிலிருக்கும் வேளை யாருக்கு?



ஆண்டவருடைய கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு எப்போது புகட்டுவது? இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரத்திலே மோயீசன் இதற்கு விடை தருகின்றார். ஓய்வு நாளை மட்டும் அவர் குறிப்பிடவில்லை. வீட்டிலிருக்கையில், வழி நடக்கையில், படுக்கையில், எழும்புகையில் என்று அன்றாட வேளைகளையே குறிப்பிடுகின்றார். விசுவாசம் பெற்றோரின் வாயிலிருந்து பிள்ளையின் உள்ளத்துக்குச் செல்வது இவ்வேளைகளிலேதான். இன்று நம் வீடுகள் பலவற்றில், வீட்டிலிருக்கும் வேளையையும் படுக்கும் வேளையையும் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டுவிட்டது.

நம் நாட்டில் 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. 1982இல் ரூபவாஹினி வந்தது. இன்றோ இரவு பகலாகப் படம் ஓடுகின்றது, கைத்தொலைபேசியிலும் அதுவே. திருச்சபை இச்சாதனத்தைப் பழிக்கவில்லை. இறைவனின் துணையோடு மனிதர் கண்ட அரிய சாதனங்களுள் ஒன்றாகவே 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும், 1994ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு தினச் செய்தியிலே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பெற்றோரை எச்சரித்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகத் தொலைக்காட்சியை நெடுநேரம் பயன்படுத்துவோர், பிள்ளையின் முதல் ஆசிரியர் என்ற தம் பொறுப்பையே கைவிடுகின்றனர் என்பது அவர் கருத்து.

மருத்துவ உலகமும் இதற்கு ஒத்தே பேசுகின்றது. ஒரு வயதும் அதற்குக் குறைந்ததுமான குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, அதிலும் குறைந்தால் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. காரணம் எளிது. சிறு பிள்ளை பேசப் பழகுவது, தனக்கு மறுமொழி சொல்லும் முகத்தைப் பார்த்து. தொலைக்காட்சி ஓயாது பேசும். ஆனால் பிள்ளையின் ஒரு கேள்விக்கேனும் மறுமொழி சொல்லாது.

“அடுப்படி வேலை முடியும்வரை பிள்ளை குழப்படி செய்யாமல் இருக்கட்டுமே” என்று தாய்மார் சொல்வது நியாயமே. கணவன் வெளிநாட்டிலிருக்க, தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாயின் களைப்பை ஆண்டவர் அறிவார். ஆகவே, பெட்டியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. செய்யக்கூடிய சிலவற்றையே கேட்கின்றோம்.

இராச்சாப்பாட்டு வேளையில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பிள்ளை படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் மீண்டும் நிறுத்துங்கள். அந்நேரத்தில் செபமாலையில் ஒரு பத்தாவது பிள்ளையோடு சேர்ந்து சொல்லுங்கள். அம்மம்மா ஒரு கதை சொல்லட்டும். சமைக்கும்போது கீரை ஆயவோ வெங்காயம் உரிக்கவோ பிள்ளையையும் அருகில் இருத்துங்கள். வேலை சற்றுத் தாமதமாகும், பேச்சு வளரும். முதல் சில நாட்கள் பிள்ளை அழும். தாய் மறுத்ததைத் தந்தை கொடாதிருந்தால் அழுகை ஓயும்.

இன்னொன்று: பெரியவர்கள் தொடர்நாடகத்தின் முன் அமர்ந்துகொண்டு பிள்ளையை மட்டும் “போய்ப் படி” என்றால் அது எடுபடாது. குறைப்பது நம்மிலிருந்தே தொடங்கட்டும்.

நாசரேத்தூரிலே இயேசு ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தது, மரியாளும் சூசையப்பரும் உடனிருந்த ஒரு வீட்டிலே. அவருக்குக் கிடைத்த அந்த உடனிருப்பு உங்கள் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். இன்றிரவு பிள்ளை ஒரு கேள்வி கேட்கும்போது, திரும்பிப் பார்த்து மறுமொழி சொல்ல உங்கள் வீட்டில் ஒருவர் இருப்பாராக.