சுவிசேஷத்தை வாசிக்கும் முஸ்லிம்

பேராதனையைத் தாண்டிக் கொழும்பு வீதியில் வரும் பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த சபைகளுக்குப் போதகர்களாகப் போகிறவர்கள் அங்கே தமிழிலும் சிங்களத்திலும் வேதாகமம் படிக்கிறார்கள். அதிக தூரமில்லாத கெலிஓயாவிலும் கம்பளையிலும், கண்டிக்கு அப்பால் அக்குறணையிலும் முஸ்லிம் பிள்ளைகள், தவ்றாத், ஸபூர், இன்ஜீல், குர்ஆன் ஆகிய வேதங்களை நம்புவது ஈமானில் சேர்ந்தது என்று படிக்கிறார்கள். ஒருவர் இயேசு என்றும் மற்றவர் ஈஸா நபி என்றும் சொல்வது ஒரே மனிதரைத்தான். ஆனாலும் ஒரு முஸ்லிம் சுவிசேஷத்தைக் கையில் எடுத்து அதற்குப் பொருள் சொல்லத் தொடங்கினால் இரு பக்கமும் முகம் சுளிக்கிறது. போதகருக்கு அது அத்துமீறலாகப் படுகிறது. மௌலவிக்கோ, மனிதர் கைபட்டு மாறிப்போன நூலில் காலத்தைக் கழிப்பதாகத் தோன்றுகிறது. இருவர் சொல்வதும் நிற்காது என்பது என் கருத்து.

முதலில் போதகரின் மனக்குறையை எடுத்துக்கொள்வோம். யோவான் சுவிசேஷம் 14 முதல் 16 வரையான அதிகாரங்களில் இயேசு வாக்களிக்கும் தேற்றரவாளன் முஹம்மது நபியே என்று முஸ்லிம் அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்; குர்ஆனின் 61:6 வசனத்தோடு அதைச் சேர்த்து வாசிக்கிறார்கள். முன்பின் பார்க்காமல் பிடுங்கி எடுத்த பொருள் இது, 14:26இலேயே பரிசுத்த ஆவி என்று இருக்கிறதே என்று போதகர் பதில் சொல்கிறார். சரியான பதில்தான். ஆனால் அவரே நத்தார் காலத்தில் ஏசாயா 7:14ஐயும், பெரிய வெள்ளியன்று ஏசாயா 53ஐயும் இயேசுவைப் பற்றிய முன்னறிவிப்பாகப் பிரசங்கிக்கிறார். முதலாவது ஆகாஸ் அரசனுக்குச் சொல்லப்பட்ட அடையாளம் என்றும், இரண்டாவதில் துன்பப்படும் ஊழியன் இஸ்ரவேல் மக்களே என்றும் யூத அறிஞர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டின் ராஷி ஏசாயா 53க்குத் தந்த விளக்கமும் அதுவே. முந்திய சமூகத்தின் வேதத்தைப் பிந்திய வெளிப்பாட்டின் ஒளியில் வாசிப்பது அத்துமீறல் என்றால், மத்தேயுவின் முதல் அதிகாரமே அதைச் செய்திருக்கிறது.

இதற்குக் கனமான ஒரு மறுப்பு உண்டு. திருச்சபை பழைய ஏற்பாட்டை முழுமையாகத் தன் வேதமாக வைத்துக்கொண்டது. அதைத் தள்ளிவிடச் சொன்ன மார்சியனை 2ஆம் நூற்றாண்டிலேயே விலக்கியது. முஸ்லிமோ பைபிளைத் தன் வேதமாக வைத்திருக்கவில்லை. பிடித்த வசனத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, இடிக்கிற வசனத்தை மாற்றப்பட்டது என்று தள்ள அவருக்கு வழி இருக்கிறது. இந்த வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்கிறவர் நேர்மையாக வாசிக்கவில்லை. ஆனால் இஸ்லாமிய மரபு அந்த வழியில் மட்டும் நடந்ததில்லை. தஹ்ரீஃப் என்னும் திரிபு வேதத்தின் எழுத்தில் நடந்ததா, பொருளில் நடந்ததா என்பதிலேயே அறிஞர்கள் பிரிந்து நின்றார்கள். கொர்தோபாவின் இப்னு ஹஸ்ம் எழுத்தே மாறியது என்று நீண்ட பட்டியல் போட்டார். கிழக்கிலும் மேற்கிலும் பரவிவிட்ட நூலின் சொற்களை எப்படி மாற்ற முடியும் என்ற கேள்வியை எழுப்பிய ஃபக்ருத்தீன் ராஸியோ, பொருளைத் திரிப்பதையே அது குறிக்கிறது என்ற பக்கம் சாய்ந்தார்.

இந்த இரண்டாவது வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, இமாம் கஸ்ஸாலியின் பெயரில் வழங்கும் ‘அர்ரத்துல் ஜமீல்’ நல்ல சாட்சி. அதை எழுதியவர் அவர்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நூலின் தரத்தை அது குறைக்கவில்லை. தானும் பிதாவும் ஒன்று என்று யோவான் 10:30இல் இயேசு சொல்வதை அந்நூல் பொய்யென்று ஒதுக்கவில்லை. அடுத்த வசனங்களுக்குப் போகிறது. கல்லெறிய வந்தவர்களிடம் இயேசு, தேவவசனத்தைப் பெற்றவர்களைத் தேவர்கள் என்றே சங்கீதம் அழைக்கிறதே என்று கேட்கிறார். பிறகு 17ஆம் அதிகாரத்தில், தானும் பிதாவும் ஒன்றாயிருப்பதுபோலச் சீடர்களும் ஒன்றாயிருக்க வேண்டுகிறார். சீடர்கள் கடவுளாகவில்லை, ஆகவே அந்த ஒருமை உருவகம் என்று நூல் முடிவு கட்டுகிறது. யோவானின் முதல் அதிகாரத்தை வைத்துக் கிறிஸ்தவர் இதற்கு மறுமொழி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த வாதம் சுவிசேஷத்துக்குள்ளேயே நடக்கும். 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் அல்பிகாஈ குர்ஆன் விரிவுரைக்குள்ளேயே பைபிளை எடுத்தாண்டு, எழுந்த கண்டனத்துக்கு விடையாகத் தனி நூலே எழுதினார். 1862இல் ஸேர் ஸையித் அஹ்மத் கான் பைபிளுக்கே விளக்கவுரை அச்சிட்டார்.

அப்படியிருந்தும் மக்கள் மனத்தில் நின்றது வாதமேடை வழிதான். அதற்குக் காரணம் உண்டு. ஃபாண்டர் போன்ற மிஷனரிகள் இஸ்லாத்தைத் தாக்கி நூல் எழுதி, அரசு பலம் தங்கள் பக்கம் இருக்க வாதுக்கு அழைத்தார்கள். 1854இல் ஆக்ராவில் ரஹ்மத்துல்லாஹ் கைரானவி ஐரோப்பியரின் பைபிள் ஆய்வையே ஆயுதமாக்கி ஃபாண்டரை மடக்கினார். நம் நாட்டில் 1873இல் பாணந்துறையில் குணானந்த தேரரும் பைபிளைக் குறுக்கு விசாரணை செய்தே கூட்டத்தைக் கவர்ந்தார். தாக்கப்பட்டவர்கள் தற்காத்துக்கொண்டதில் பிழையில்லை. ஆனால் வெல்வதற்காக வாசிக்கிறவர் முரண்பாடுகளை மட்டுமே தேடுவார். மலைப்பிரசங்கம் அவர் கண்ணில் படாது. அஹ்மத் தீதாத்தின் வாதங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிடம் அந்தக் குறையைக் காண்கிறேன்.

குர்ஆன் சொல்லும் இன்ஜீல் ஈஸா நபிக்கு அருளப்பட்ட ஒரே நூல், நான்கு பேர் எழுதியவை அல்ல என்பது மௌலவியின் வலுவான வாதம். ஆனால் இன்ஜீல் உடையோர் அதில் உள்ளபடி தீர்ப்பளிக்கட்டும் என்று 5:47 சொன்ன 7ஆம் நூற்றாண்டில், கிறிஸ்தவர் கையில் இருந்தது இந்தச் சுவிசேஷங்கள்தான். அதற்கு முந்திய 4ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. முந்திய வேதத்தை ஓதுவோரிடம் கேட்கச் சொல்லும் 10:94உம் அவர்களை ஒதுக்கவில்லை.

சிலுவை மட்டும் எந்த விளக்கத்துக்கும் எளிதில் வளையாது. ஈஸா நபி அறையப்படவில்லை என்று 4:157 சொல்கிறது. சுவிசேஷங்கள் நான்கும் அறையப்பட்டார் என்கின்றன. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு ஆராதனையிலேயே மக்கள் கொல்லப்பட்ட நாட்டில் இதைப் பேசாமல் கடப்பது நல்லிணக்கம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. முஸ்லிம் மாணவர் மாற்குவின் பாடுகளின் வரலாற்றை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கட்டும். கிறிஸ்தவ மாணவர் 4:157க்கு தபரி திரட்டித் தரும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அறிவிப்புகளை வாசிக்கட்டும். வாசித்த பிறகும் இருவரும் இணங்க மாட்டார்கள். எதில் இணங்கவில்லை என்பதையாவது ஒருவர் மற்றவரின் நூலிலிருந்தே காட்ட முடியும்.