எரித்தால் ஒழிந்துவிடுமா?

"எரிச்சுட்டா ஒழிஞ்சுது பெரியப்பா" என்றான் தம்பி மகன், போன போகியன்று பழைய டயரைத் தெருமுனைக்கு உருட்டிக்கொண்டே. திருவையாற்றுப் பக்கம் ஆறு மா நிலமும், ஆதீனத்தார் நடத்தும் வகுப்பில் படித்த சைவ சித்தாந்தமும்தான் என் சொத்து. அந்தப் படிப்பு இதை ஒப்பாது. உள்ள பொருள் எதுவும் இல்லாமல் போவதில்லை, தூலமாக இருந்தது சூக்குமமாக ஒடுங்கும் என்பதே சற்காரியவாதம். உயிரை மறைக்கும் ஆணவ மலம்கூட முத்தியில் அழிவதில்லை; அதன் சக்திதான் அடங்குகிறது.

அப்படியானால் டயர் எங்கே போயிற்று? பென்சோபைரீன் போன்ற நஞ்சாகி, கண்ணுக்குத் தெரியாத கரித்துகளில் ஒட்டிக்கொண்டு தெருவிலேயே நின்றது. ஒரு கன மீட்டர் காற்றில் பென்சோபைரீன் ஆண்டுச் சராசரி 1 நானோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 2009-இல் இந்தியா வரம்பு கட்டியிருக்கிறது. ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு அது! வெளிக்காற்றின் மாசே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் அறிவித்தது. மூலையில் கிடந்தவரை டயர் கொசுவைத்தான் வளர்த்தது; சூக்குமமான பிறகே நெஞ்சுக்குள் இறங்கும் வல்லமை அதற்கு வந்தது.

ஆடியில் என்றால் புகையை மேல்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிவிடும். மார்கழி, தை விடியலில் குளிர்காற்று தரையோடு கிடக்க, மேலே வெப்பக்காற்று மூடிபோலக் கவிந்திருக்கும். புகைக்குப் போக்கிடம் கிடையாது. 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து, விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. அந்த வேளை பார்த்துத்தான் நாம் கொளுத்துகிறோம். பின்னாலேயே சம்பா அறுப்பு. மெஷின் விட்டுப்போன தாளுக்குச் சிலர் தீ வைக்கிறார்கள். உளுந்து தெளித்த வயலில் அது நடக்காது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே ஈரத்தில் தெளித்த விதை தாளுக்கடியில் இரண்டு இலை விட்டு நிற்கும்போது, தீக்குச்சி கிழிக்க யாருக்குக் கை வரும்?

நெருப்பும் காற்றும் ஈசனின் அட்டமூர்த்தத்தில் சேர்ந்தவை. ஒரு திருமேனியைக் கொண்டு இன்னொன்றில் நஞ்சைக் கலப்பது என்ன வழிபாடு? செய்தவனே வினைப்பயனை நுகர்வான் என்பது சித்தாந்தம். புகை அப்படியில்லை. கொளுத்தியவன் கதவைச் சாத்திக்கொள்ளலாம். விடியலில் சாம்பலைக் கூட்டி அள்ள வரும் தூய்மைப் பணியாளர் எந்தக் கதவைச் சாத்துவார்? அது அவர் முன்வினை என்று சொல்லித் தப்பிப்பவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் குப்பையைக் கழிக்கவில்லை, அவர் நெஞ்சுக்கு இடம் மாற்றியிருக்கிறேன். அந்த வினை என்னுடையது.

டயரைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்வார். கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமும் மட்டும் எரித்த பழைய போகி போதுமே என்பவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. கோரையும் எரிந்தால் இந்த நஞ்சைக் கொஞ்சமாவது தரும். எருக்குழியில் போட்டால் மண்ணாகும்.